எல்லாரும் ஒரே நாளில் வர வேண்டாம்

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து இன்றோடு ஆறு வாரம். முதல் வாரம் அவங்க அடுப்படி முழுக்க எங்கள் வீட்டுப் பாத்திரங்கள்தான். பாதிச் சாப்பாடு கெட்டே போனது. பிளேட்லெட் என்கிற ரத்தத் தட்டணுக்களைக் கொடுக்கவும் ஒரே நாளில் பதினோரு பேர் போய் நின்றோம் (பாசத்துக்குக் குறைச்சல் இல்லை, யோசனைக்குத்தான்). ரத்த வங்கியில் இருந்த அம்மா சிரித்துவிட்டார்: "இது 5 நாள்தான் தாங்கும். முறை வச்சு வாங்க."

அதே முறையை எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டோம். சாப்பாடு, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, ராத்திரித் துணை எல்லாம் வாட்ஸப் பட்டியலில். பணக் கணக்கு மாடி வீட்டுப் பெரியவரிடம். யாரும் கேட்காமலே தினமும் ரசீதைப் படமெடுத்துப் போட்டுவிடுவார்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க அண்ணி" என்று நானும்தான் சொன்னேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாங்க? நேற்று நானே போய்த் துணிக்கூடையைத் தூக்கி வந்து துவைத்தேன். சின்னவள் சீருடையில் பித்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருந்தது. தைத்துக் கொடுத்தேன்.

வியாழன், ஞாயிறு ராத்திரிக்கு இன்னும் ஆள் இல்லை. முடிந்தவர்கள் பெயர் போடுங்கள்.