வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு

நேற்றுக் காலை 6 மணிக்குக் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் ஓட ஆரம்பித்தோம். டால்பின் நோஸ் பாறை முனையைத் தாண்டி, வெள்ளகவி என்ற மலைக் கிராமம் வழியாக, பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவி வரை. மொத்தம் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம்.

இறக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதன் வலி மறுநாள் படி இறங்கும்போதுதான் தெரியும். மலைப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் இறக்கத்தைத் தனியாகவே பழக வேண்டும். காலடியைச் சின்னதாக வையுங்கள். குதிகாலை ஊன்றி நிற்கப் பார்க்காதீர்கள். உருளைக் கல்லும் சருகுமாகக் கிடக்கிற பாதை அது.

வெள்ளகவி எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அந்த ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை, ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். சூடேறிய பாதத்துக்குக் கீழே அந்தக் குளிர்ந்த மண்! திண்ணையில் இருந்த ஒரு அக்கா கடுங்காப்பி கொடுத்தார். "எதுக்குத் தம்பி இப்படி ஓடுறீங்க, பாத்துப் போங்க" என்றார். காசு வாங்கவே இல்லை.

அப்புறம், போகிறவர்கள் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காட்டுமாடு நடமாடும் இடம்.

கும்பக்கரைக்கு வந்ததும் ஓடைத் தண்ணீரில் காலை விட்டு அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.