ஹெகாநக்துக்கு எத்தனை மா நிலம்?

மேட்டூரைத் திறந்து பதினோரு நாள் ஆகியும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. வலங்கைமான் பக்கம், குடமுருட்டியிலிருந்து பிரிகிற சின்ன வாய்க்கால் அது. சித்தப்பா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மதகு வரைக்கும் நடந்துபோய்ப் பார்ப்பார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார், ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். ஒரு வார லீவில் நான் போயிருந்த நேரம் அது. பழைய எகிப்தைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். பிரமிடு, மம்மியெல்லாம் இல்லை, செத்த ராஜாக்களின் கல்லறைக் கதை எனக்கு எப்போதும் கொஞ்சம் அலுப்புத்தான். இது ஒரு ஆள் தன் வீட்டுக்கு எழுதின கடிதங்கள்.

"என்னடா அது, ரெண்டு நாளா அதையே வச்சிக்கிட்டிருக்க" என்றார் சித்தப்பா.

அந்த ஆளின் பெயர் ஹெகாநக்த். சுமார் 4000 ஆண்டுக்கு முந்தியவர். தீப்ஸ் நகரத்தில் இபி என்ற மந்திரியின் சமாதியில் படையல் வைக்கிற பொறுப்பு அவருக்கு, அதற்கு வருமானமும் உண்டு. நம் கோயில் கட்டளை நிலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு, நிலம், மாடு, பெரிய குடும்பம் எல்லாம் வடக்கே. இவர் வேலையாக ஆற்றின் மேல்பக்கம் தெற்கே போய்விட்டார். போன இடத்திலிருந்து, நிலத்தைப் பார்த்துக்கொள்கிற மெரிசு என்பவனுக்குக் கடிதம் கடிதமாகத் திட்டி எழுதுகிறார். 1920களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் வின்லாக் தலைமையில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்காரர்கள் தோண்டினபோது ஒரு கல்லறையில் இந்தப் பாப்பிரஸ் தாள்கள் கிடைத்தன. கடிதமும் கணக்குமாக எட்டு.

முதல் கடிதத்தில் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், நம் நிலத்தில் வெள்ளம் ஏறுகிற இடம் பூராவும் நீதான் பயிர் வைக்க வேண்டும், விதைத் தானியத்தைக் காபந்து பண்ணு, என் சொத்தையெல்லாம் காபந்து பண்ணு, எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் கேட்பேன் என்று ஆரம்பிக்கிறார். நான் இதைத் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்கப்பன் எழுதினதுடா இது" என்றார்.

அப்பா பிலாயில் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். நிலத்தைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா. மாதம் தவறாமல் நீல நிற இன்லேண்ட் லெட்டர் வரும், மடிக்கிற ஓரம் வரைக்கும் நுணுக்கி எழுதியிருப்பார். மேட்டூர் எத்தனை அடி, நாற்று விட்டாயா, பத்தாயத்தில் விதைநெல்லில் யாரும் கை வைக்கக் கூடாது, பால் கணக்கு என்ன ஆச்சு. கடைசி ஒரு வரியில்தான் அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா என்று இருக்கும். அந்தக் கடிதங்களைச் சித்தப்பா இன்னும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். திட்டு வாங்கினதற்கு ரசீது மாதிரி.

ஹெகாநக்தின் பெரிய கோபம் வாற்கோதுமையைப் பற்றியது. சிஹாத்தோர் என்பவன் மூலம் வீட்டிலிருந்து அவருக்குத் தானியம் வந்திருக்கிறது, பழசு, காய்ந்துபோனது. புதுசில் பத்து மூட்டை அனுப்பாமல் இதையா அனுப்புவாய், நீங்கள் அங்கே புதுசைத் தின்றுகொண்டு நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று பொங்குகிறார். இந்த இடத்தில் சித்தப்பா கட்சி மாறிவிட்டார். "பழசுதானடா நல்லது, பழைய அரிசி கிடைக்குமான்னு ஊரே அலையுது, இவன் எதுக்குக் கத்துறான்?" என்றார். நமக்கு நெல் ஒரு வருஷம் கிடந்தால் சோறு பொலபொலவென்று வரும், புது அரிசி குழைந்து வயிற்றையும் கெடுக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களுக்கு அது ரொட்டிக்கும் பியருக்கும். பியர் என்றதும் சித்தப்பா சிரித்தார். சிரிக்க ஒன்றுமில்லை, அங்கே அது சாப்பாட்டில் சேர்த்தி, கூலியே ரொட்டியும் பியருமாகக் கொடுத்திருக்கிறார்கள். நீராகாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நிலக் கணக்கு. வேறொரு ஊரில் அரூராக் கணக்கில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கச் சொல்கிறார், குத்தகைப் பணத்துக்குப் பதில் வீட்டில் நெய்கிற துணியைக் கொடுக்கச் சொல்கிறார். அரூரா என்றால் எவ்வளவு என்று சித்தப்பா கேட்டார். நூறு முழத்துக்கு நூறு முழம், அவர்கள் முழம் நம்மைவிடக் கொஞ்சம் நீளம், சுமாராக 2735 சதுர மீட்டர். போனில் போட்டுப் பார்த்தால் ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. நம் மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு அரூரா என்பது ஏறக்குறைய நம் இரண்டு மா! பத்து அரூரா இருபது மா, ஒரு வேலி. எனக்கு ஏனோ மயிர்க்கூச்செறிந்தது. சித்தப்பாவுக்கு அதெல்லாம் இல்லை, "நெலத்துக்குத் துணிய குடுத்தா எவன் வாங்குவான்" என்பதுதான் அவருடைய கவலை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டாவது கடிதம். அது வெள்ளம் சரியாக வராத காலம். அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, நான் நலம், கவலை வேண்டாம் என்று மரியாதையாக ஆரம்பித்துவிட்டு, வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தர் பெயரையும் எழுதி இவருக்கு இவ்வளவு தானியம் என்று அளந்து வைக்கிறார். அம்மாவும் அவளுடைய வேலைக்காரியும் முதலில். நைல் எவ்வளவு ஏறியதோ அதைப் பார்த்துத்தான் படி அளக்க முடியும், முணுமுணுக்காதீர்கள், பாதி உயிரோடு இருப்பது ஒரேயடியாகச் சாவதைவிட மேல் என்கிறார். இங்கே மனுஷரை மனுஷர் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் ஒரு வரி. அது நிஜமா, வீட்டாரைப் பயமுறுத்தச் சொன்னதா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. எங்கப்பா கடிதங்களிலும் பிலாயில் விலைவாசி எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதே கடிதத்தில் வீட்டாரைக் கிண்டலும் செய்கிறார், கண்ணின் வெள்ளை தெரிகிற அளவு பட்டினி கிடந்தவன் திகட்டத் தின்ற மாதிரி இருக்கிறீர்கள் என்று. "காஞ்ச மாடு கம்புல விழுந்த மாதிரிங்கிறான்" என்று சித்தப்பா ஒரு நொடியில் மொழிபெயர்த்துவிட்டார்.

கடைக்குட்டி ஸ்னெஃப்ரு என்று ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மட்டும் சட்டமே வேறு. அவன் எதைக் கேட்டாலும் கொடுங்கள், காளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளட்டும், உங்களோடு வயலில் மேலும் கீழும் ஓடி உழைக்கவும் அவனுக்கு இஷ்டமில்லை, என்னோடு இங்கே வரவும் இஷ்டமில்லை. இதைக் கேட்டதும் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

நைலும் காவிரியும் ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்கள். எத்தியோப்பிய மலையில் கோடையில் பெய்கிற மழைதான் நைல் வெள்ளம், குடகில் பெய்கிற தென்மேற்குப் பருவமழைதான் நம் ஆடிப்பெருக்கு. இரண்டு ஊரிலும் மானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, எங்கோ மேலே பெய்ததை ஆறு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆற்றில் எத்தனை முழம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அளக்க அவர்கள் படிக்கட்டில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ரோமானியர் பிளினி எழுதிவைத்த கணக்கு ஒன்று உண்டு: 12 முழம் என்றால் பஞ்சம், 13 முழத்திலும் பசிதான், 14 சந்தோஷம், 15 நிம்மதி, 16 கொண்டாட்டம். மேட்டூர் 120 அடியைத் தொட்டதா என்று டீக்கடையில் கேட்கிற கேள்வியில் முழத்துக்குப் பதில் அடி, அவ்வளவுதான். 2020இல் எட்டு வருஷத்துக்கு அப்புறம் சொன்ன தேதியில், ஜூன் 12இல் அணை திறந்த அன்று சித்தப்பா எனக்குப் போன் பண்ணிச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, "திறந்துட்டான்".

சாகுபடி முறை மட்டும் நேர் எதிர். நமக்கு நாற்று, நடவு, நின்ற தண்ணீரில் பயிர். அவர்கள் வெள்ளத்தை வயலில் ஏற்றி, கரை கட்டி நிறுத்தி, மண் ஊறினதும் வடித்துவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்தார்கள். அதற்கப்புறம் அறுவடை வரை பெரிதாகத் தண்ணீர் கட்டுகிற வேலை இல்லை. இதை நான் பக்கம் பக்கமாக விளக்க வாயெடுத்தேன். "சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈரத்துல உளுந்து தெளிக்கிறோம்ல, அந்த மாதிரி" என்று அவரே முடித்துவிட்டார்.

அந்தக் காலத்து எகிப்தியக் கதையும் ஒன்று சொன்னேன். குனானுப் என்று ஒரு குடியானவன், சந்தைக்குக் கிளம்புகிறான். களஞ்சியத்தில் மிச்சமிருக்கிற வாற்கோதுமையை அளக்கச் சொல்கிறான், 26 மரக்கால் தேறுகிறது, 20 உனக்கும் பிள்ளைகளுக்கும், ஆறை எனக்கு வழிக்கு ரொட்டியும் பியரும் பண்ணிக்கொடு என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். (மரக்கால் என்பது என் கைச்சரக்கு, அவர்கள் அளவு ஹெகாத், ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.) வழியில் ஒரு பண்ணைக்காரன் ஒற்றையடிப் பாதையில் துணியை விரித்துவைத்திருக்கிறான், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பயிர். வேறு வழியில்லாமல் வரப்போரம் ஒதுங்கும்போது கழுதை ஒரு வாய் பயிரைக் கடிக்க, அவ்வளவுதான், கழுதைகளைச் சரக்கோடு பிடுங்கிக்கொண்டு இவனை அடித்தும் விரட்டுகிறான். குனானுப் போய் ரென்சி என்ற பெரிய அதிகாரியிடம் முறையிடுகிறான். அவன் பேச்சு அவ்வளவு அழகு. அதிகாரி ராஜாவிடம் போய்ச் சொல்ல, ராஜா சொல்கிறார்: பதில் சொல்லாதே, அப்போதுதான் இன்னும் பேசுவான், பேசுவதையெல்லாம் எழுதி அனுப்பு, அவன் குடும்பத்துக்குப் படி அளந்துவிடு, அவனுக்கும் நீ கொடுப்பது தெரியாமல் சாப்பாடு கொடு. ஒன்பது முறை முறையிடுகிறான் அந்தப் பாவி. ஒன்பதும் எகிப்திய இலக்கியத்தில் உச்சம் என்கிறார்கள். கடைசியில் நியாயம் கிடைக்கிறது, பண்ணைக்காரன் சொத்தே இவனுக்கு வந்துவிடுகிறது, வாஸ்தவம்தான். ஆனாலும் நீதியைப் பற்றி ஒருவன் நெஞ்சு வெடிக்கப் பேசுவதை ராஜா பொழுதுபோக்காகக் கேட்பதாகக் கதை கட்டினவன் லேசுப்பட்டவன் இல்லை.

சித்தப்பா பட்டாவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மூன்று வருஷம் ஒரு அலுவலகத்துக்கு நடந்தவர். "இதுக்குத்தான் மனுவ ரெண்டு வரிக்கு மேல எழுதக் கூடாதுங்கிறது" என்றார்.

தொழில்களையெல்லாம் நக்கலடித்து, எழுத்து படித்தவன் வேலையே மேல் என்று மகனுக்கு உபதேசம் பண்ணுகிற நூல் ஒன்றும் இருக்கிறது. கன்னான் விரல் முதலையுடையது மாதிரி, மீன்முட்டையைவிட நாறுவான் என்றெல்லாம் போகும். எங்கப்பா எனக்கு உலைக்களத்தைக் காட்டிச் சொன்னதைவிட அதில் புதிதாக ஒன்றுமில்லை. கல்லறைத் தொழிலாளிகளின் வருகைப் பதிவு ஒன்று சுண்ணாம்புக்கல்லில் எழுதினது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆண்டு. தேள் கொட்டியது, பியர் காய்ச்சப் போனான், கண்வலி என்று லீவுக்குக் காரணம் போட்டிருக்கிறார்கள். இதை நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த சித்தியிடம் சொன்னேன். தேள் கொட்டினதுக்கு அன்றைக்குக் கூலி உண்டா என்றுதான் கேட்டார்.

ஹெகாநக்தின் அந்த எட்டுத் தாள்களில் ஒரு கடிதம் மடித்து, முத்திரை வைத்தபடியே கிடைத்தது. யாருக்கு எழுதினாரோ அவருக்குப் போய்ச் சேரவே இல்லை, 4000 வருஷம் கழித்துத்தான் பிரித்தார்கள்.

"யார்கிட்ட குடுத்தனுப்பினானோ, அவன் போற வழியில சோத்துக்கு உக்காந்த எடத்துல வச்சிட்டு மறந்திருப்பான்" என்று எழுந்தார் சித்தப்பா. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தார். போகும்போதே, பெட்டியில் உங்கப்பன் 1987இல் எழுதினது ஒன்று இருக்கும், பச்சை மை, அதைத் தேடி வை, பம்புசெட்டு விஷயமா அதில் என்னமோ எழுதியிருந்தான் என்று குரல் கொடுத்தார்.