குறைவு என்று சொன்னேன்

“வராது என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள், மேடம்” என்று அவர் கேட்டதும், “வாய்ப்பு மிகமிகக் குறைவு” என்று நான் பதில் சொன்னதும் நடந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகர் பணியில் இதைவிடக் கடினமான உரையாடல்கள் உண்டு. பாசிட்டிவ் என்ற முடிவை எதிரில் இருப்பவரிடம் சொல்வதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது, அது கைவந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு பதிலை இன்னமும் மனத்துக்குள் அடித்தடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் முதலில் வந்தது அந்த உறவு நிகழ்ந்த ஒன்பதாம் நாள். ஆணுறை அணிந்திருந்தார், அது கிழியவில்லை, கழலவும் இல்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அத்துடன் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் தகவலை முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற பழக்கம் விடவில்லை. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், அந்தக் கெடு கடந்துவிட்டது, ஆனால் உங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கவும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். கெடு கடந்துவிட்டது என்ற இடத்திலேயே அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

அடுத்து எண்ணிக்கையைச் சொன்னேன். ஆணுறையே இல்லாமல், சிகிச்சை எடுக்காத தொற்றுள்ள பெண்ணுடன் ஒரு முறை உறவு கொண்டாலும், பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்கு ஏறத்தாழ 4 என்றே மதிப்பிடுகிறார்கள் என்றேன். அது அவருக்குத் தைரியம் தரும் என்று உண்மையாகவே நம்பினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த நான்கில் ஒன்று என்னுடையதாக இருந்தால்?” என்று கேட்டார். அறிகுறிகளைக் கேட்டார், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வரலாம், சாதாரண சளிக்காய்ச்சலிலும் இவை வரும் என்றேன். அடுத்த முறை வந்தபோது அவருடைய கைப்பேசியில், நாள்தோறும் கண்ணாடி முன் நின்று எடுத்த நாக்கின் படங்கள் தேதிவாரியாக இருந்தன.

நாற்பத்தைந்தாம் நாள் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தோம். பி24 என்ற வைரஸ் புரதத்தையும் நோய் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை அது. அதற்குரிய விண்டோ பீரியட், அதாவது தொற்று இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடிய காலம், அந்த நாளோடு முடிந்துவிடுகிறது. நெகட்டிவ். இதுவே இறுதி முடிவு என்று சொன்ன நானே, “வேண்டுமானால் மன நிம்மதிக்காக மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்” என்றும் சேர்த்தேன். மூன்று மாதக் கணக்கை இன்றும் கடைப்பிடிக்கும் இடங்கள் இருப்பதால் அப்படிச் சொன்னேன் என்பது என் தரப்பு நியாயம். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும்: இந்த அம்மாளுக்கே முழு நம்பிக்கை இல்லை.

மூன்றாம் மாதமும் நெகட்டிவ். ஐந்தாம் மாதம் மறுபடி வந்தார். விரல் நுனியில் குத்தி எடுத்த துளி ரத்தம் சோதனைப் பட்டையில் ஏறி, சரிபார்ப்புக் கோடு மட்டும் தெளிவாக விழுந்தது, அதுவும் நெகட்டிவ். அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, இரண்டாவது கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்றார். நான் பார்த்தேன், வெள்ளைத் தாள் மட்டுமே இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மூன்று முடிவுகள் கண்முன் இருக்க, ஏன் ‘குறைவு’ என்றேன்? எதற்கும் பூஜ்யம் என்று உறுதி கொடுக்காதே என்று பழக்கப்பட்ட நாக்கு அது. எச்சரிக்கையாகப் பேசுவதும் அக்கறைதான் என்று அன்று நினைத்தேன். குறைவு என்றால் உண்டு என்றுதானே பொருள்?

இன்னொரு பரிசோதனை கேட்டார், மறுத்துவிட்டேன். மறுத்தது சரி என்றே இப்போதும் கருதுகிறேன், ஏனெனில் ஒவ்வொரு முடிவும் அவருக்கு ஓரிரு நாள் தூக்கத்தைக் கொடுத்து அடுத்த பரிசோதனைக்கு வழிசெய்தது. மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன். அவர் அதை மடித்து, என் மேசையிலேயே வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார். பிறகு வரவில்லை. குணமாகிவிட்டாரா, வேறு மையங்களில் விரல் நீட்டிக்கொண்டிருக்கிறாரா, தெரியாது.

அதன் பிறகு, ஆணுறை முறையாக இருந்தது என்று சொல்பவர்களிடம் நேரடியாகவே “உங்களுக்கு வராது” என்று சொல்லத் தொடங்கினேன். சென்ற மாதம் ஓர் இளைஞரிடம் அப்படித்தான் சொன்னேன். எழுந்து கதவருகே போனவர் திரும்பி, பாதியில்தான் அணிந்தேன், அது பரவாயில்லையா என்று கேட்டார். முந்தின நாள் இரவு நடந்தது; கெடுவுக்குள் இருந்ததால் உடனே மருத்துவரிடம் அனுப்பித் தடுப்பு மருந்து தொடங்கச் செய்தோம். கிழிந்ததா, கழன்றதா என்று மட்டுமே அவரிடமும் கேட்டிருந்தேன். பழையவரிடமும் அவ்வளவுதான் கேட்டிருந்தேன் என்பது அன்றிரவு நினைவுக்கு வந்தது. அந்த மூன்று முடிவுகளுக்குப் பின் அதில் பொருளில்லை என்று தெரிந்தும் எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வராதுதானே என்று கேட்டார். தொடக்கத்திலிருந்தே அணிந்திருந்தீர்களா என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை நான் எதுவும் சொல்லவில்லை.