முட்டை இல்லை, கடல்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. மறுநாளே அவை வாட்ஸ்அப்பில் டைனோசர் முட்டைகளாகிவிட்டன. அம்மோனைட் என்ற கடல் உயிரி சம்பந்தப்பட்ட படிவுக் கற்கள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். வதந்தி ஓடிய தூரத்தில் பாதிகூட அந்த விளக்கம் ஓடவில்லை. இந்தப் பக்கத்தில் அறிவியல் வாத்தியாராக இருப்பதால், உருண்டைக் கல்லோடு வாசலில் நிற்கும் மாணவர்களை இன்றும் பார்க்கிறேன்.

முட்டை இல்லை என்றதும் முகம் வாடிவிடும். எனக்கோ முட்டையைவிடக் கடல்தான் பெரிய அதிசயம். சோளமும் பருத்தியும் விளையும் இந்தக் கரிசல், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் இருந்தது. இதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டது. அத்துறையின் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இப்பகுதியை நடந்து அளந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். அதே துறையின் ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பிகளையும் சங்குகளையும் வகை பிரித்துத் தடித்த தொகுதிகளாக எழுதினார். பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். ஊட்டத்தூர் என்றால் நமக்குச் சுத்தரத்தினேஸ்வரர் கோயில்; உலகத்து நிலவியலாளர்களுக்கு ஒரு கடலடி மண்.

சாத்தனூர் கல்மரத்தை அநேகமாக எல்லாப் பள்ளிகளும் சுற்றுலாவில் காட்டிவிடுகின்றன. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளம். வேலிக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் கேட்கும் நல்ல கேள்வி ஒன்று உண்டு: கடல் இருந்த இடத்தில் மரம் எப்படி? ஆற்றோடு அடித்து வரப்பட்டுக் கடல் மணலில் புதைந்து கல்லானது என்றால் அதோடு விட மாட்டார்கள். ஆறு எங்கே என்பார்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போனால் கேள்விகள் இன்னும் கூடும். மழை அரித்த செம்மண், சாம்பல் மேடுகளுக்கிடையே ஜிப்சம் பட்டைகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். காலடியில் துப்பாக்கிக் குண்டு போன்ற பெலெம்னைட்டுகள். ஒன்றின் உடைந்த முகத்தைப் பார்த்தால், நடுவிலிருந்து கதிர் கதிராகக் கோடுகள். கணவாயின் தூரத்து உறவு இது, உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி என்றதும், மீன் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

டைனோசரே இல்லையா என்றால், இருந்தது. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றினார்கள். எலும்புகள் நொறுங்கிப்போயின. படங்கள்தான் மிச்சம்.

புவியியல் ஆய்வுத் துறையின் நிலவரைபடங்கள் அதன் பூகோஷ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வகுப்பில் திறந்து எங்கள் ஊரைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். இருந்தாலும் எனக்கு ஓர் ஆசை: இங்குள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மரப்பெட்டி, அதில் பெலெம்னைட், அம்மோனைட், சிப்பிச் சுண்ணாம்புக்கல், ஒரு துண்டு ஜிப்சம், தமிழில் நாலு பக்கக் குறிப்பு. வரைபடத்தைத் தடவிப் பார்க்க முடியாதே.

காரைக்கு வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு வாருங்கள். கண்ணில் பட்டதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடுத்த வகுப்பும் அங்கேதான் வரப்போகிறது.