குஃபுவோர் கேலன்

எங்கள் வீட்டு அடுப்படியில் கிடக்கிற அதே மஞ்சள் கேனைத் துண்டு துண்டாக வெட்டி, சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, விளக்கும் போட்டிருந்தார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு கண்காட்சி. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சுருக்கென்றது.

செய்தவர் செர்ஜ் அட்டுக்வேய் க்ளோட்டி, 1985-இல் பிறந்த உள்ளூர்க்காரர். வெளிநாட்டிலிருந்து சமையல் எண்ணெயோடு கானாவுக்கு வந்த கேன்கள் இவை. எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர் பிடிக்க. ஜான் குஃபுவோர் அதிபராக இருந்த காலத்தில் (2001–2009) தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியதால் 'குஃபுவோர் கேலன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆட்சியாளர் பெயரைத் திட்டத்துக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். காலிக் கேனுக்கு வைத்தது இங்கேதான்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அளவுச் சதுரங்கள். ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்திருந்தது. கானாவின் கென்டே துணியையும் குறுகலான பட்டைகளாக நெய்து, பிறகுதான் சேர்த்துத் தைப்பார்கள். மதுப்புட்டி மூடிகளைக் கோத்துப் பெயர் பெற்ற எல் அனாட்சுயியும் கானாவில் பிறந்தவர்தான், அவருக்கும் செம்புக் கம்பிதான் நூல். க்ளோட்டி தன் லா பகுதித் தெருக்களிலேயே இந்த மஞ்சளை விரித்துப் பாதை போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. கேனைத் தூக்கி நடந்தவர்கள் அதன் மேலேயே நடக்கலாம்.

பக்கத்தில் நின்ற ஒருவர் "நல்ல மறுசுழற்சி" என்றார். எரிச்சலாக வந்தது. அது குப்பை இல்லை சார், வரிசை. விடியற்காலை வரிசை.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. மாடியில் பாலிடேங்க் தொட்டி, வெளியே போனால் பாக்கெட் தண்ணீர், மதியத்துக்கு அரிசியும் காராமணியும் சேர்ந்த வாச்சே. எல்லாம் சரி. ஆனால் தெருவில் லாரி ஹாரன் கேட்டால் இன்னமும் கால் தானாக வாசலுக்குப் போகிறது. சென்னை அயனாவரத்தில் லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் தூங்குவார்கள். கலந்துவிடாமல் இருக்க அம்மா குடத்தின் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் கதவு எண்ணை எழுதிவைப்பார்.

ராத்திரி அம்மாவுக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி கேனைப் பாக்கவா சேலை கட்டிட்டுப் போன?"

"கலைம்மா அது."

"சரி சரி. நம்ம பச்சைக் குடம் ஞாபகம் இருக்கா? மேல்வீட்டுக்காரி எடுத்துட்டுப் போனவ இன்னும் தரலடி. நம்பரைச் சுரண்டிட்டா."