நிதியாண்டு ஒரு கணக்கு, சிப்பிக்கு வேறு கணக்கு

கடலோர மீன்பிடிப்புக்கும் சிப்பி வளர்ப்புக்கும் ஆய்வு நிதி வாங்குவது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பம் எழுதுவதைப் பற்றியே கேட்கிறார்கள். அது இந்த வேலையில் சின்னப் பங்கு. மூன்று வருடத் திட்டம் ஒன்றை அறிவிப்பு வந்த நாளிலிருந்து இறுதி அறிக்கை வரை இழுத்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய தலைவலி நாள்காட்டிதான். நிதி தருபவர்களுக்கு நிதியாண்டு உண்டு. சிப்பிக்குத் தண்ணீர் சூடேறும் பருவம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.

முதலில் கேள்வி. வேகமாக வளரும் சிப்பி இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கலாம் என்ற யோசனையோடுதான் நாங்கள் வளர்ப்பாளர்களிடம் போனோம். அவர்களில் மூத்தவர் பாதியிலேயே கையமர்த்தினார். "இனத்தை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. வெயில் காலத்துக் கடைசியில ஒரு பெரிய மழை பெஞ்சா, அடியில கிடக்கிற பையில பாதி செத்துப்போகுது. மேல மிதக்குற கூடையில அவ்வளவு சாவு இல்ல. அது ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

புத்தகப்படி பார்த்தால் நேர்மாறாக நடக்க வேண்டும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதனால் மேலேதான் பரவி நிற்கும். உப்பு குறைந்தால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு, காற்றில்லாமலே சில நாள் ஓட்டும். தண்ணீர் சூடாக இருந்தால் அந்தச் சில நாள் இன்னும் சுருங்கும். ஆகவே மேலே இருப்பதுதான் முதலில் சாக வேண்டும். அவர் சொன்னதோ எதிர்ப்பக்கம். கேட்டதும் சக ஆய்வாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். விண்ணப்பத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

ஒரு விளக்கம் உடனே தோன்றியது. லேசான நல்ல தண்ணீர் மேலேயும் கனமான உப்புத் தண்ணீர் கீழேயும் அடுக்காக நின்றுவிட்டால் இரண்டும் கலக்காது. அடியில் இருக்கும் மக்கும் பொருள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும், மேலிருந்து புதிதாக இறங்காது. அப்படியானால் அடியில் இருப்பவை உப்புக் குறைவால் சாகவில்லை, மூச்சு முட்டிச் சாகின்றன. இதைச் சோதிக்க உப்பையும் ஆக்சிஜனையும் மேலும் கீழும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், அதுவும் இரவெல்லாம். பகலில் பாசியும் நுண்பாசியும் ஆக்சிஜனை வெளியிடும். சூரியன் போனபின் எல்லா உயிரும் எடுக்கத்தான் செய்யும், கொடுக்க ஆளில்லை. விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் கீழே போகும். காலை பத்து மணிக்குப் படகில் போய் அளந்துவிட்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன்.

விண்ணப்பம் இரண்டு கட்டம். முதலில் சுருக்க முன்மொழிவு, அது தேறினால் முழு முன்மொழிவு. இந்த வகை நிதியில் அறிவியல் எவ்வளவு ஆழம் என்பதோடு இன்னொன்றையும் பார்ப்பார்கள். ஆய்வு முடிந்ததும் யார், எந்த வேலையை, எப்படி மாற்றிச் செய்யப்போகிறார்கள்? இதற்கு ஒரு பத்தியில் நேரடியாகப் பதில் இல்லையென்றால் முழு முன்மொழிவுக்கு அழைப்பு வராது. நாங்கள் எழுதியது எளிமையானது. "மழைக்கு முன் கூடையை ஏற்றுவதா இறக்குவதா என்பதை வளர்ப்பாளர் முடிவு செய்வார்." அவ்வளவுதான். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த வரியைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்.

அப்புறம் சொந்தப் பங்கு. அமெரிக்காவில் 1966-ல் சட்டம் இயற்றித் தொடங்கிய, கடல் ஆய்வுக்கு நிதி தரும் சீ கிராண்ட் திட்டத்தில், கூட்டாட்சி அரசு தரும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலரை வேறு வழியில் காட்ட வேண்டும். இப்படிப் பங்கு கேட்கும் திட்டங்கள் வேறு இடங்களிலும் உண்டு, எங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். ரொக்கமாகத் தர வேண்டியதில்லை. படகு, கூடை, ஆள் உழைப்பு எல்லாம் பங்காகக் கணக்கில் வரும். ஆனால் அதற்கு நேரக் குறிப்பேடும் கையெழுத்தும் வேண்டும். கடலிலிருந்து திரும்பி ஈரக் கையோடு நிற்பவரிடம் படிவத்தை நீட்டுவது கொஞ்சம் கூச்சமான வேலை. ஆனாலும் தணிக்கை வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.

வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். வளர்ப்பாளர்களின் நேரத்துக்குத் தனி வரி போட்டுப் பணம் ஒதுக்குங்கள். ஆதரவுக் கடிதம் மட்டும் வாங்கிக்கொண்டு போகும் திட்டங்கள் இரண்டாவது பருவத்தில் ஆளில்லாமல் நிற்கும். சோதனைக் கூடையில் செத்த சிப்பியும் அவருக்கு விற்பனை இழப்புதான், அதற்கும் ஈடு போட வேண்டும். இதை எழுதினால் தொகை கூடிவிடும் என்று எங்கள் நிர்வாகத்தில் முணுமுணுத்தார்கள். மதிப்பீட்டுக் குழு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

குழு கேட்டது வேறு. ஒரு கூடையில் நூறு சிப்பி இருந்தால் அது நூறு மாதிரியா, ஒரு மாதிரியா? ஒன்றுதான். அந்த நூறும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன, ஒரே ஆட்டத்தில் ஆடுகின்றன. எனவே ஒவ்வொரு உயரத்துக்கும் தனித்தனியாகப் பல கூடைகள் வேண்டும், அவற்றின் இடத்தைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இதில்தான் வளர்ப்பாளர்களோடு முதல் உரசல். நல்ல நீவாடு (நீரோட்டம்) ஓடுகிற மூலையில் நல்ல கூடையை வைப்பதுதானே அவர்கள் வழக்கம். "சீட்டுக் குலுக்கிப் போட்டா இடம் பாக்குறது?" என்று சிரித்தார்கள். ஏன் என்று விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் சீட்டு எடுத்ததும் அவர்கள்தான்.

நிதி உறுதியான கடிதம் வந்ததும் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அதன் பிறகுதான் அனுமதிகள். நீர்ப்பரப்பில் சோதனைக் கூடை போட ஓர் அனுமதி, குஞ்சுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக நோய்ச் சான்று, அறுவடைக்குத் தடை இருக்கும் நாளிலும் மாதிரி எடுக்க இன்னொன்று. இதில் நோய்ச் சான்றை யாரும் குறை சொல்ல முடியாது. 2008-ல் பிரான்சின் சிப்பிப் பண்ணைகளில் ஹெர்பிஸ் வகை வைரஸின் புதிய வடிவம் ஒன்று பரவி இளம் சிப்பிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பெர்கின்சஸ், போனாமியா போன்ற ஒட்டுண்ணிகள் உலக விலங்கு நல அமைப்பின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பார்வைக்கு நன்றாக இருக்கும் குஞ்சும் அவற்றைச் சுமந்து வரலாம். ஆனால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மேசையில் நகர்ந்துகொண்டிருந்தபோது தண்ணீர் சூடேறி, சிப்பி முட்டையிட்டு, பருவம் பாதி போய்விட்டது. நிதிக் கணக்கில் முதல் ஆண்டு ஓடத் தொடங்கிவிட்டது, கடலில் ஒரு கூடைகூட இல்லை.

குஞ்சு பொரிப்பகத்தில் நடப்பது தனி உலகம். தாய்ச் சிப்பிகளுக்கு நன்றாகத் தீனி போட்டு, தண்ணீரைச் சட்டென்று சூடாக்கி, குளிர்வித்து, மறுபடி சூடாக்கினால் விந்தும் முட்டையும் விடும். ஒரு நாளுக்குள் நுண்ணோக்கியில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் ஓடு தெரியும். இரண்டு மூன்று வாரம் நுண்பாசி தின்று நீந்தும். பிறகு உடம்பில் கறுப்பாய் ஒரு கண் புள்ளியும் துழாவ ஒரு காலும் வரும். அப்போதுதான் ஒட்ட இடம் தேடும். அது ஒட்டிக்கொள்ளப் பொடித்த ஓட்டுத் துகள் தருவார்கள். ஒரு துகளில் ஒரு குஞ்சு, பின்னாளில் ஒவ்வொன்றும் தனிச் சிப்பி. இந்த மூன்று வாரத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும்.

2007 வாக்கில் அமெரிக்காவின் ஓரிகனில் இருக்கும் விஸ்கி க்ரீக் பொரிப்பகத்தில் இளம் உயிரிகள் தொடர்ந்து செத்தன. முதலில் கிருமி என்று சந்தேகப்பட்டார்கள். ஆழ்கடலிலிருந்து மேலெழும் தண்ணீரில் கரியமில வாயு அதிகம், அமிலத்தன்மை கூடி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது என்று பிறகு ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். தீர்வு பெரிய ரகசியமெல்லாம் இல்லை. தண்ணீரின் வேதியியலைத் தொடர்ந்து அளந்தார்கள், சோடா உப்பு கலந்து சரிசெய்தார்கள், ஒளிச்சேர்க்கை நடந்து தண்ணீர் தேறியிருக்கும் பிற்பகலில் இறைத்தார்கள். ஆய்வுப் பணம் தொழிலைக் காப்பாற்றியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் முழு முன்மொழிவில் இரவு அளவீட்டுக்கு இவ்வளவு கருவி ஏன் என்று நியாயம் சொல்ல இதைத்தான் பயன்படுத்தினேன்.

கூடை கடலில் இறங்கியபின் வேலை என்றால் எண்ணுவதுதான். வத்தம் (கடல் நீர் வற்றும் நேரம்) பார்த்துப் போய், கூடையைப் படகில் ஏற்றி, தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுப்போம். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் உயிருள்ளது கல்லும் கல்லும் மோதுவதுபோல் கெட்டியாகச் சத்தம் தரும். செத்தது வெறும் கொட்டாங்குச்சி மாதிரி ஒலிக்கும். வளர்ப்பாளர்கள் பார்க்காமலே பிரித்துப் போடுவார்கள். நாங்கள் திறந்து சரிபார்ப்போம், ஒரு தடவைகூட அவர்கள் காது பெரிதாகத் தவறவில்லை. இரண்டு ஓடும் கீலில் ஒட்டியபடியே, உள்ளே காலியாக இருந்தால் சாவு ஒன்று. உட்புறம் பளபளவென்று வெள்ளையாக இருந்தால் அண்மையில் செத்தது. உள்ளே சேறோ, குட்டிக் கொட்டலசோ (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சின்ன ஓட்டு உயிரி) ஏறியிருந்தால் பழைய சாவு. இந்தப் பிரிவினை முக்கியம், ஏனென்றால் மழைக்கு முன் செத்ததை மழையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கொட்டலசு சிப்பியோடு நிற்பதில்லை. உப்பை அளக்கும் சென்சாரின் வாயிலும் ஏறி உட்காரும். உட்கார்ந்த நாளிலிருந்து கருவி மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். வரைபடத்தில் பார்த்தால் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுபோல் அழகாகத் தெரியும். செம்புத் தகடு சுற்றினால் ஒட்டுவது குறையும், அடிக்கடி துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கையில் வேறொரு கருவி வைத்து ஒப்பிட வேண்டும். உபரிக் கருவிக்கு வரவு செலவில் இடம் விடாமல் யாரும் கடலுக்குப் போகாதீர்கள்.

பெரிய மழை வந்தபோது அறுவடைக்குத் தடை வந்தது. மழை நிலத்துக் கழிவைக் கழிமுகத்துக்குக் கொண்டுவரும். சிப்பியோ தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, வருவதையெல்லாம் உள்ளே சேர்க்கும். தடைக்குக் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) எண்ணிக்கைதான் அளவுகோல். அமெரிக்க விதியில் அனுமதிக்கப்பட்ட நீர்ப்பரப்பில் மலக் கோலிஃபார்மின் நடு அளவு 100 மில்லிலிட்டருக்கு 14-ஐத் தாண்டக் கூடாது. வளர்ப்பாளர்களுக்கு அது வருமானம் இல்லாத நாட்கள், எங்களுக்கோ ஆய்வின் உச்சம். அந்த நேரத்தில் உற்சாகமாக முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் படகில் ஏறுவது சங்கடம்தான். மூத்தவரே, "வா தம்பி, எங்களுக்குத்தான் லீவு, உனக்கு என்ன" என்று கூப்பிட்டார்.

கண்டது என்ன? ஆழமான தளத்தில் அவர் சொன்னது சரி. மழைக்குப் பிறகு அடியில் ஆக்சிஜன் விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போனது, சாவு அந்த வாரத்தோடு ஒட்டி நின்றது. ஆற்று வாய்க்கு அருகில் உள்ள ஆழமில்லாத தளத்தில் கதை மாறியது. அங்கே நல்ல தண்ணீர் விலகாமல் நாள் கணக்கில் நின்றபோது மேல் கூடைதான் அதிகம் இழந்தது. கூடைக்குள் எத்தனை சிப்பி என்பது சாவைவிட வளர்ச்சியைத்தான் பாதித்தது. நெருக்கிப் போட்டவை மெலிந்து கிடந்தன.

ஒரே பருவத்து மழையை வைத்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கூடுதல் பணம் இல்லாத கால நீட்டிப்பு கேட்டோம். அனுமதித் தாள்களின் தேதிகளையும் தண்ணீர்ச் சூட்டின் வரைபடத்தையும் அருகருகே வைத்து அனுப்பினேன். உடனே கிடைத்தது. தருபவர்களுக்கும் இது புதிதல்ல போலும். காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது கேட்காமல், பருவம் தவறியது தெரிந்த உடனே கேட்டது உதவியது என்று நினைக்கிறேன். இரண்டாவது பருவத்திலும் போக்கு அதேதான், அளவு மட்டும் குறைவு.

இறுதி அறிக்கை, தரவைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுவது எல்லாம் வழக்கமான வேலை. வளர்ப்பாளர்களுக்காக ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தோம். இடப்பக்கம் ஆழமான தளம், வலப்பக்கம் ஆற்று வாய், மழை நீடிக்கும் நாளுக்கேற்ப கூடை எந்த உயரத்தில். அந்தத் தாளைப் பலர் படகுக் கொட்டகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆற்று வாயில் தொழில் செய்யும் ஒருவர் மட்டும் ஏற்கவில்லை. தன் இடத்தில் நீவாடு வேறு மாதிரி திரும்புகிறது, நாங்கள் கருவி வைத்த இடம் அதற்கு வெளியே என்கிறார். பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உபரியாக இருந்த லாகர் (தானாக அளந்து பதியும் கருவி) ஒன்றை அவர் கூடையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், வாரம் ஒருமுறை அவரே துடைக்கிறார்.