ஐப்பசி லேப் குறிப்புகள்

அக்டோபர் 19, குன்னூர்

விடிந்ததிலிருந்து தூறல். சிசிஐஇ (சிஸ்கோவின் நெட்வொர்க் நிபுணர் சான்றிதழ்) லேப் பரீட்சைக்கு ஒரே கம்ப்யூட்டரில் மென்பொருள் ரூட்டர்களை ஓட்டிப் படிக்கிறேன். ரேம் 32 ஜிபிதான், கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும். பெரிய மென்பொருள் ரூட்டரான கேட்8000வி ஒவ்வொன்றும் 4 ஜிபி கேட்கும், சின்னதான ஐஓஎஸ்வி 512 எம்பியோடு அடங்கிவிடும். எம்பிஎல்எஸ் (லேபிள் ஒட்டிப் பாக்கெட்டை அனுப்பும் முறை) கோர், கிளை ரூட்டர்கள் எல்லாமே ஐஓஎஸ்வியில் ஓடட்டும். எஸ்டி-வான் (மென்பொருளால் ஆளும் கிளை நெட்வொர்க்) படிக்கும் நாளில் அதன் மேலாண்மை மென்பொருள் விமானேஜ் மட்டுமே 16 ஜிபியைப் பிடித்துக்கொள்ளும், அன்றைக்கு மற்றதையெல்லாம் அணைத்துவிட வேண்டியதுதான்.

அக்டோபர் 20

கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் டபிள்யூஆர் (கான்ஃபிகைச் சேமிக்கும் கட்டளை). பரீட்சையிலும் இதே பழக்கம்தான்.

அக்டோபர் 22

எம்பிஎல்எஸ் விபிஎன் கேள்வி. ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழி கற்கும் நெறிமுறை) ஃபுல், அதாவது நெய்பர் முழுதாகச் சேர்ந்துவிட்டது. எல்டிபி (லேபிள் பரிமாறுவது) நெய்பர் ஆப்பரேஷனல். பிஜிபி (விபிஎன் ரூட்டைக் கொண்டு செல்வது) எஸ்டாப்ளிஷ்டு. எதிர்ப்பக்க விஆர்எஃப் (வாடிக்கையாளருக்கான தனி ரூட்) டேபிளில் ரூட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சிஇயிலிருந்து (வாடிக்கையாளர் பக்க ரூட்டர்) எதிர்ப்பக்க சிஇக்கு பிங் போகாது. பிஇயிலிருந்து (சேவை நிறுவனத்தின் ஓர ரூட்டர்) எதிர்ப்பக்கப் பிஇயின் லூப்பேக்குக்கு (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) பிங் அடித்தால் மட்டும் ஜோராகப் போகும். இந்த இரண்டாவது பிங்தான் ஆளை ஏமாற்றுவது.

பிஇயின் லூப்பேக்குக்கு மாஸ்க் /24 என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். வழக்கமாக மாஸ்க் எதுவானாலும் லூப்பேக்கை ஓஎஸ்பிஎஃப் /32 ஆகத்தான் (ஒற்றை முகவரியாக) அறிவிக்கும். பிஇயின் சொந்த டேபிளிலோ அது /24, அதனால் எல்டிபி லேபிள் கொடுப்பதும் /24க்கு. பக்கத்துப் பி (நடுவில் இருக்கும் கோர்) ரூட்டர் கையில் இருப்பது /32, அதற்கு லேபிள் வரவே இல்லை. அங்கே ஷோ எம்பிஎல்எஸ் ஃபார்வர்டிங்-டேபிள் பார்த்தால் பாப் லேபிள் என்று இருக்க வேண்டிய இடத்தில் நோ லேபிள். ஒற்றை லேபிளோடு வரும் சாதா பிங் அங்கே லேபிளை உதிர்த்துவிட்டு ஐபியாகப் போய்ச் சேரும். அடியில் விபிஎன் லேபிள் சுமந்து வரும் பாக்கெட் அந்த ரூட்டரைத் தாண்டாது.

மாஸ்க்கை மாற்றலாம் என்றால் /32. மாற்றக்கூடாது என்றால் லூப்பேக்கில் ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயிண்ட்-டு-பாயிண்ட். ஒரே வரி. ஆனால் அது தோன்றுவதற்குள் அரை மணி நேரம் பிஜிபியைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

அக்டோபர் 25

மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியாறு வழியில், மரப்பாலம் பக்கம் மண் சரிவு. பரீட்சை பெங்களூரில்.

அக்டோபர் 26

பாதையே ஒரு டிராஃபிக் இன்ஜினியரிங் கேள்வி மாதிரி இருக்கிறது. பர்லியாறு வழி அடைத்தால் கோத்தகிரி சுற்றி மேட்டுப்பாளையம் இறங்கலாம். கூடலூர், மைசூர் வழியென்றால் பந்திப்பூர் இரவு 9 முதல் காலை 6 வரை மூடல், அனுமதி உள்ள சில பஸ்கள் மட்டும் போகும். இரண்டுமே மழையை நம்பித்தான். முந்தின நாள்தான் கிளம்புவது என்ற பேச்சே வேண்டாம், அதற்கும் முன்பே கிளம்ப வேண்டும்.

அக்டோபர் 28

டிஎம்விபிஎன்: மைய ரூட்டரான ஹப்பும் கிளை ரூட்டர்களான ஸ்போக்குகளும் சேர்ந்த டன்னல் நெட்வொர்க். ஹப்பின் வழிகாட்டலில் ஸ்போக்குகள் நேரடியாகப் பேசும் மூன்றாம் கட்டத்துக்கு ஹப்பில் ஐபி என்ஹெச்ஆர்பி ரீடைரக்ட், ஸ்போக்கில் ஐபி என்ஹெச்ஆர்பி ஷார்ட்கட். ஸ்போக்கிலிருந்து ஸ்போக்குக்கு டிரேஸ்ரூட்டை (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் தடவை ஹப் வழியாகப் போவது சரிதான். அடுத்த தடவையும் ஹப் தெரிந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

டன்னல் ஏறி ஏறி விழுந்தால் லாக்கில் ரிகர்டவுன் என்ற சொல்லைத் தேடு. டன்னலின் மறுமுனை முகவரியை டன்னல் வழியாகவே கற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஓஎஸ்பிஎஃப்பில் நெட்வொர்க் 0.0.0.0 என்று ஒட்டுமொத்தமாக அள்ளிப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் வகை ஹப்பில் பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட், ஸ்போக்கில் பிராட்காஸ்ட் என்றிருந்தால் ஹலோ இடைவெளி 30, 10 விநாடி என்று முரண்டு பிடித்து நெய்பரே வராது. டைமரைக் கையால் சமன் செய்தால் ஃபுல் வந்துவிடும், ரூட் வராது. அதற்கு நெய்பர் வராமலே இருந்திருக்கலாம். இரு பக்கமும் பிராட்காஸ்ட் என்றால் ஸ்போக்கில் பிரையாரிட்டி 0, தலைமை ரூட்டர் தேர்தலில் அது நிற்கவே கூடாது.

அக்டோபர் 31

பனிமூட்டம் அறைக்குள்ளேயே வருகிறது. ஷெட்டிலிருந்து எடுத்த பழைய ஸ்விட்சை உடனே ஆன் செய்யக்கூடாது. குளிர்ந்த உலோகம் சூடான அறைக்கு வந்தால் உள்ளே நீர் பூக்கும். ராத்திரி முழுக்க அறையிலேயே கிடக்கட்டும். கன்சோல் (கேபிள் வழி இணைப்பு) வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1.

நவம்பர் 2

பரீட்சையில் டிசைன் பகுதி 3 மணி நேரம். சாதனம் எதுவும் கைக்கு வராது, முடித்த கேள்விக்குத் திரும்பவும் முடியாது. பிறகு கைவேலை 5 மணி நேரம். இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தாக வேண்டும், மொத்தமும் வர வேண்டும். கட்டளையெல்லாம் விரல் நுனியில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இந்த முதல் 3 மணி நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். கேள்வியோடு கொடுக்கும் மின்னஞ்சல்களில் நாலாவதில் ஓரமாக ஒரு நிபந்தனை இருக்கும், விடையை முடிவு செய்வது அதுதான்.

நவம்பர் 5

மழை. படிக்கவில்லை.

நவம்பர் 6

ஓஎஸ்பிஎஃப்புக்கும் ஈஐஜிஆர்பிக்கும் (இன்னொரு ரூட்டிங் நெறிமுறை) நடுவே இரண்டு ரூட்டர்கள், இரண்டிலும் இரு திசையிலும் ரீடிஸ்ட்ரிபியூஷன் (ஒன்றின் ரூட்டை மற்றொன்றுக்குக் கொடுப்பது). ஈஐஜிஆர்பிக்குள் வெளியிலிருந்து வந்த ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் (எவ்வளவு நம்பலாம் என்ற எண்) 170. அதே ரூட் முதல் ரூட்டர் வழியாக ஓஎஸ்பிஎஃப்பில் ஏறி இரண்டாவதுக்கு 110 ஆகப் போய்ச் சேரும். குறைந்ததுதான் ஜெயிக்கும், பிறகு அதுவே திரும்ப ஈஐஜிஆர்பிக்குள் பாயும். கொடுக்கும்போது டேக் (அடையாள எண்) போடு, திருப்பிக் கொடுக்கும்போது அந்த டேக்கைத் தடு. டேக்கால் சுழற்சி நிற்கும், ஆனால் இரண்டாவது ரூட்டர் இன்னும் சுற்றுவழியில்தான் போகும். அதற்கு டிஸ்டன்ஸையும் திருத்த வேண்டும். ஈஐஜிஆர்பி பக்கம் மெட்ரிக் (வழியின் செலவு) எண்கள் ஐந்தும் கொடுக்காவிட்டால் எதுவும் உள்ளே போகாது, எச்சரிக்கையும் வராது.

நவம்பர் 8

மறுபடி அந்த லூப்பேக். ஃபுல் என்று பார்த்தவுடன் அடுத்த கேள்விக்குத் தாவக்கூடாது. சிஇயில் டிசிஎல்எஸ்ஹெச் (ரூட்டருக்குள் ஸ்கிரிப்ட் எழுதும் இடம்) திறந்து எல்லா முகவரிக்கும் ஃபோர்ஈச் போட்டு பிங், சோர்ஸ் லேன் பக்க இன்டர்ஃபேஸ், ரிபீட் 2, டைம்அவுட் 1. சோர்ஸ் கொடுக்காத பிங் எதையும் நிரூபிக்காது.

நவம்பர் 10

பர்லியாறு ஒருவழி மட்டும். கோத்தகிரி பஸ்ஸே பத்திரம்.

டன்னல் எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகும் அதிகபட்ச அளவு) இன்னொரு முறை. டன்னல் உறையான ஜிஆர்இ கூட்டுவது 24 பைட், கீ போட்டால் 28. அதன்மேல் ஐபிசெக் குறியாக்கம், டன்னல் மோடுக்குப் பதில் டிரான்ஸ்போர்ட் மோடென்றால் 20 பைட் மிச்சமாகும். ஐபி எம்டியு 1400, எம்எஸ்எஸ் (டிசிபி டேட்டாவின் அதிகபட்ச அளவு) 1360. எல்லா ஸ்போக்கிலும் இதேதான்.